செப்புத் தகட்டில் நின்றவன்

பழவேற்காட்டில் நல்ல கல் கிடையாது. எங்கே தோண்டினாலும் மணல், மணலுக்குக் கீழே சிப்பி. கல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆரம்பாக்கம் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ஏரியில் படகு. அந்தச் சிலைக்கான கல்லை வரவழைத்தவன் நான். சாதிச் சபைப் பெரியவர்களே, அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

கோட்டையிலிருக்கும் உலாந்தா வெள்ளைக்காரர்களின் கல்லறைகளுக்கு எழுத்தும் மண்டையோடும் வெட்டிக் கொடுப்பது எங்கள் பட்டறை. எனக்கும் என் அத்தை மகன் சின்னப்பனுக்கும் நைனா ஒன்றாகத்தான் உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். பிறகு என் தங்கை குப்பம்மாளை அவனுக்குக் கட்டிவைத்தார். நைனா போனபின் பட்டறையை நடத்தியவன் நான். கோட்டைக்குள் போய்ப் பேசுவது, கல் பார்ப்பது, அளவு குறிப்பது எல்லாம் நான். சின்னப்பன் செதுக்குவான்.

கோட்டைத் துரைக்குத் தன் நாட்டு மந்திரி ஒருவரின் சிலை வேண்டியிருந்தது. அந்த மந்திரி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு சித்திரம் மட்டும் கொடுத்தார்கள். அதை வாங்கிவந்து, கல்லில் கரிக்கோடு போட்டுக் கொடுத்தேன். சின்னப்பன் மழைக்கு முன் தொடங்கி அறுவடைக்குள் முடித்தான். மந்திரியின் கழுத்தில் பின்னல் துணி ஒன்று உண்டு. அது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவன் கோட்டைக்குப்பம் கரையில் உட்கார்ந்து, ஈரவலை தோளில் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்து வெட்டினான். துரை அதைத் தொட்டுப் பார்த்தார். கல்தானா என்று சந்தேகம் அவருக்கு. பாராட்டு வாங்கியவன் நான். சின்னப்பன் அப்போது பட்டறையில் உளி தீட்டிக்கொண்டிருந்தான். அதுவரை ஒரு குறையும் இல்லை.

அடுத்து வந்த கப்பலில் ஒரு படக்காரர் இறங்கினார். சிலையைக் காகிதத்தில் வரைந்து, தன் ஊருக்குக் கொண்டுபோய்ச் செப்புத் தகட்டில் கீறி, மை தடவி நிறையப் படிகள் அச்சடிப்பார்களாம். சிலையோடு அதைச் செய்த சிற்பியும் நிற்க வேண்டும் என்று துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி தசரதன் வந்து சொன்னான். நான் புதுவேட்டி கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

படக்காரர் என் வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகத்தான் கீழே விட்டார். பிறகு சிலைக்குப் பின்னால் போனார். அங்கே சின்னப்பன் சிலையின் காதிலிருந்து தூசு துடைத்துக்கொண்டிருந்தான், இமையெல்லாம் வெள்ளைப் பொடி. அவனை இழுத்துவந்து நிறுத்தி, வரைய ஆரம்பித்தார்.

"இன்னா தசரதா இது? சிற்பி நானுன்னு சொல்லு."

தசரதன் ஏதோ பேசிவிட்டுத் திரும்பினான். "சொல்லிட்டேன். அவருக்கு இந்தக் கைதான் வோணுமாம்."

சின்னப்பன் நெளிந்தான். "மச்சான், நீயே வந்து நில்லு. எனக்குக் கூச்சமாக்கீது. எவன் நின்னா இன்னா?"

அவன் விலகப் பார்த்தான், படக்காரர் விடவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, ஊருக்குப் புதியவர். ஆனால் எனக்குரிய இடத்தை எனக்கே விட்டுக்கொடுக்க இவன் யார்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படத்தின் கீழே போட சிற்பியின் பெயர் வேண்டும் என்று தசரதன் மறுநாள் வந்து கேட்டான். பட்டறை என்னுடையது. என் பெயரைச் சொன்னேன். அதன்பிறகுதான் யோசித்தேன். படம் ஒருநாள் திரும்பி வரும். முகம் ஒருவனுடையது, பெயர் வேறொருவனுடையது என்று கோட்டையில் சிரிப்பார்கள். பெயரை மாற்றினால் பட்டறையே போய்விடும். ஆகவே அந்த முகம் இந்த ஊரில் இருக்கக் கூடாது. நிதானமாக நினைத்துப் பாருங்கள், வேறு வழி எது?

அது பஞ்ச காலம். உள்நாட்டில் நெல் பொய்த்து, குடும்பம் குடும்பமாக வந்து கரையில் தங்களையே விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு தரகன் அவர்களைக் கப்பலேற்றிக் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவனிடம், என் வேலையாள் ஒருவன் இருக்கிறான், உடம்பில் வலு உண்டு, புத்திதான் பிசகு என்றேன். "தான் ஒரு சிற்பின்னு சொல்வான். காதுல போட்டுக்காதே" என்றும் சொல்லிவைத்தேன். காசு வாங்கவில்லை. சின்னப்பனை நான் விற்றதாகக் கோட்டைக்குப்பத்து வலைக்காரன் நாகப்பன் ஊரெல்லாம் சொல்கிறான், அது பொய். தரகனைக் கேட்டுப் பாருங்கள்.

கப்பலில் அது சாயாமலிருக்கப் பாரத்துக்குப் போட்ட நல்ல கல் இருக்கிறது, பார்த்துவிட்டு வா என்று சின்னப்பனை அனுப்பினேன். நல்ல வெயில். உளிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படகில் ஏறினான். கல் நன்றாக இருந்தால் குப்பம்மாளுக்கு ஒரு அம்மி அடிக்கலாம் என்றான். சரி என்றேன்.

மாலையில் நானே தங்கையிடம் போய், படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்துவிட்டது என்றேன். கோட்டைக்குப்பத்து ஆட்கள் வலை போட்டுத் தேடினார்கள். முன்னால் நின்றவன் நாகப்பன். "ஏரில இடுப்பளவு தண்ணிதான். ஆளு எங்க போவான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம், கடலுக்குப் போயிருப்பான் என்று நான்தான் அவனுக்குப் புரியவைத்தேன். காரியம் செய்தோம். குப்பம்மாள் வளையலை உடைக்க விடாமல் கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டவன் நான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு போடுகிறேன். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

போன வருஷம் படம் வந்தது. தசரதன் கீழே இருந்ததைப் படித்துச் சொன்னான், திருவேங்கடம் என்று என் பெயர்தான் இருந்தது. பட்டறைச் சுவரில் மாட்டினேன். குப்பம்மாள் தினமும் வந்து அதன் முன்னால் நிற்பாள்.

மீன் இல்லாத காலத்தில் நாகப்பன் கப்பல் வேலைக்குப் போனான். போன மாதம் திரும்பிவந்து, என் தங்கையிடம், சின்னப்பன் பத்தாவியாவில் கோட்டை மதிலுக்குக் கல் உடைக்கிறான், காலில் சங்கிலி, கண்ணால் பார்த்தேன் என்றான். "நான் தண்ணில முழுவல, குப்பு கிட்ட சொல்லு" என்று சொல்லியனுப்பினானாம்.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். "ண்ணா, அவரு உசிரோட இருக்கசொல்ல என் வளையல ஒடச்சியே. உனக்கு இன்னா பண்ணாரு அவரு?"

"ஒண்ணும் பண்ணலை" என்றேன். உண்மை அதுதான். அவன் ஒரு தீங்கும் செய்யவில்லை.

இப்போது தசரதன் ஒரு வழி சொல்கிறான். மந்திரி சிலையைச் செய்த சிற்பி தவறுதலாக அடிமைக் கப்பலில் போய்விட்டான் என்று நான் துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அவரே ஆளனுப்பி அவனைத் திரும்ப அழைப்பாராம். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். குப்பம்மாள் காலில் விழுந்து கேட்டாள்.

நான் ஏய்த்தேன் என்று சொல்லச் சொல்லுங்கள், சொல்கிறேன். தரகனிடம் கொடுத்தேன், தங்கையிடம் பொய் சொன்னேன், உயிரோடிருப்பவனுக்குக் காரியம் செய்தேன். கோட்டை வாசலில் நின்று கூவச் சொன்னாலும் கூவுகிறேன். சாதியை விட்டு என்னைத் தள்ளிவையுங்கள், தூக்கில் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் எப்படிச் சொல்வது? அவனை மீட்பதற்காகத் துரையிடம் போய்ப் பொய் சொல்லச் சொல்கிறீர்களா?

அந்தச் சிலையைச் செய்தவன் நான்.