மூன்றாவது மோட்டார்

இந்த அறையின் மின்விசிறி ஆடுகிறது, மேடம். கொக்கி தளர்ந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் தூசி கூடுதலாகப் படிந்திருக்கிறது. யாரையாவது ஈரத்துணியால் துடைக்கச் சொன்னால் போதும்.

வாயால் சொல்வதைவிட எழுதித் தருவது எனக்கு எளிது என்றேன். நீங்களும் தாள் கொடுத்தீர்கள். நன்றி. பத்தொன்பது வருடமாக அரியலூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். என் தம்பி சுதர்சனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் மனைவி இறந்தால் கணவனைத்தான் முதலில் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவன் மேல் தப்பில்லை. அதை எழுதத்தான் நானாக வந்தேன்.

என் பெயர் வெற்றிச்செல்வி. வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. திருமானூரில் அப்பா கட்டிய வீட்டில் சுதர்சனும் அவன் மனைவி ஆர்த்தியும் நானும் இருந்தோம். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. சுதர்சன் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். ஆர்த்தி பெரம்பலூர்ப் பெண், இன்ஜினியரிங் படித்தவள். டிரோன் பைத்தியம் அவளோடு சீர்வரிசையாக வந்தது என்று சுதர்சன் கேலி செய்வான்.

பந்தய டிரோன் என்பது கல்யாணத்தில் படம் பிடிக்கிற டிரோன் இல்லை. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். நான்கு மூலையில் நான்கு மோட்டார், ஒவ்வொன்றின் மேலும் ஒரு இறக்கை, நடுவில் ஒரு போர்டு, முன்னால் கேமரா. ஓட்டுகிறவர் கண்ணை முழுக்க மறைக்கும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேமரா பார்ப்பதை மட்டும்தான் பார்ப்பார். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும்.

அவர்கள் வீட்டிலேயே சேர்த்துக் கட்டிய டிரோன் முதலில் நடுங்கியது. படம் வாய்க்கால் தண்ணீரில் விழுந்த நிழல்போல நெளிந்தது. போர்டில் ஒரு சென்சார் இருக்கிறது. டிரோன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அதுதான் மோட்டார்களுக்குச் சொல்லும். மோட்டார் நடுங்கினால் சென்சார் குழம்பும், இல்லாத சாய்வைத் திருத்தப் போகும். நடுக்கம் மிஞ்சினால் ஓட்டுகிறவர் சொல்வதை டிரோன் கேட்காது. கையை எடுத்தாலும் தானாகவே மேலே ஏறும்.

அதைச் சரிசெய்தது நான். ஆய்வகத்திலிருந்து ஒரு லேசரும் நகத்தளவு கண்ணாடித் துண்டும் எடுத்து வந்தேன். மோட்டார் உட்காரும் கையில் கண்ணாடியை ஒட்டி, லேசரை அதில் அடித்தால் எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழும். மோட்டாரை ஓட விட்டதும் புள்ளி இழுபட்டுக் கோடாகும். கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நடுக்கம். மோட்டாரின் மேல்மூடியில் எள்ளளவு டேப்பை ஓரிடத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும், கோடு குறையாவிட்டால் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். கோடு மறுபடி புள்ளியாகும்வரை இதே வேலைதான். நான்கில் மூன்றாவது மோட்டார்தான் முரண்டு பிடித்தது. அதற்கு மட்டும் மூன்று துண்டு டேப்பும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஆயின. மிச்ச நடுக்கம் சென்சாருக்கு ஏறாமல் இருக்க, போர்டுக்கு அடியில் நான்கு ரப்பர் வளையங்களையும் நானே போட்டேன்.

"உங்க கை பட்டாதான் அண்ணி இது அடங்குது," என்றாள் ஆர்த்தி. அப்படிச் சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

பெரம்பலூரில் பந்தயம் நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் எல்லாம் மாறியது. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் ஆர்த்தி போனைக் கீழே வைப்பாள். ஒருநாள் பீரோவில் என் ஆதார் அட்டையைக் காணோம். மறுநாள் அதே இடத்தில் இருந்தது, ஆனால் கவிழ்ந்து இருந்தது. நான் எப்போதும் முகம் மேலே தெரிகிற மாதிரிதான் வைப்பேன். கவரில் ஆறு பாஸ்போர்ட் போட்டோ இருந்தன. எண்ணினேன், ஐந்துதான் இருந்தன. ஆய்வகத்தில் ஒரு லென்ஸ் குறைந்தாலே கண்டுபிடிக்கிறவள் நான். என் சொந்த பீரோவில் தெரியாதா?

ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரு பேருதாங்க போட முடியும். மூணாவது ஆளுக்கு எடமில்லன்னுட்டாங்க." இது ஆர்த்தி.

"அப்ப நாம பேசுனபடியே போட்ரு. அக்காவுக்கு இப்ப தெரிய வேணாம். தெரிஞ்சா அது ஒத்துக்காது."

"வூட்டுக்குக் கூரியர் வந்துட்டா?"

"என் ஆபீசுக்கு வர வச்சுக்கறேன், வுடு."

நான் இரண்டு தப்படி பின்னால் போய், செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி மறுபடி வந்தேன்.

"வாங்கண்ணி, டீ போடட்டுமா?" என்று சிரித்தாள். டீயைக் குடித்தேன். நன்றாக இருந்தது.

என் ஆதார், என் போட்டோ, இரண்டு பேர் பெயர், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. வீட்டுப் பத்திரத்தை நினைக்காமல் நீங்களாக இருந்தால் வேறு எதை நினைப்பீர்கள்? நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் மழுப்புவார்கள், அதற்குப் பிறகு ஜாக்கிரதையாகி விடுவார்கள். அதனால் கேட்கவில்லை. மூன்று வாரம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆர்த்திக்குத் தலைவலி வந்தபோது தைலம் தேய்த்துவிட்டேன்.

பந்தயத்துக்கு முந்தின வாரம், சனிக்கிழமை மத்தியானம், இருவரும் அரியலூருக்குத் துணி எடுக்கப் போனார்கள். டிரோன் கட்டில்மேல் இருந்தது. மூன்றாவது மோட்டாரில் நான் ஒட்டிய டேப் துண்டுகளை உரித்தேன். அவை என்னுடையவை. அந்த நடுக்கம் மோட்டாரோடு பிறந்தது, நான் அதில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. என் உழைப்பை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ரப்பர் வளையங்களைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் நீங்கள் கண்டுபிடித்தது அதைத்தான். நான்கையும் கழற்றிவிட்டு, அதே அளவில், அதே கறுப்பில், கெட்டி பிளாஸ்டிக் வளையங்களைப் போட்டேன். மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அவை ஆய்வகத்துடையவை. வியாழக்கிழமையே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

மூன்றாவது மோட்டாரின் இறக்கையில் ஒரு நுனியை நகம் தேய்க்கும் அரத்தால் அடிப்பக்கமாகத் தேய்த்தேன். அரிசி நுனி அளவுதான்.

ஆர்த்தி எல்லார் முன்னாலும் தோற்க வேண்டும், டிரோன் ஆட்டம் போட அவள் திணறிப்போய் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். பந்தயத் திடலில் வலை கட்டியிருப்பார்கள், யாருக்கும் அடிபடாது. ஆனாலும் வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. மறுபடி லேசரை வைத்துப் பார்த்தேன். பாதி வேகத்திலேயே கோடு சன்னல் கட்டையைத் தொட்டது. முழு வேகத்தில் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சுதர்சன், "அக்கா, கெளம்பு. திருமழபாடி மணலுக்குப் போயி ஒரு ரவுண்டு வுட்டுட்டு வந்துடலாம்," என்றான். அங்கே வலை கிடையாது. எனக்கு அது தெரியும். தலைவாரிக்கொண்டு கிளம்பினேன்.

கொள்ளிடத்தில் தண்ணீர் இடது கரையோரமாக ஒரு ஓடையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. சுதர்சன் கொடிக்கம்புகளை நட மணலில் வெகுதூரம் போய்விட்டான். ஆர்த்தி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, பேட்டரியின் மஞ்சள் பிளக்கைக் கையில் வைத்திருந்தாள். இன்னும் சொருகவில்லை.

"அண்ணி, கண்ண மூடுங்க."

மூடினேன். என் உள்ளங்கையில் எதையோ வைத்தாள். திறந்து பார்த்தால் கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டை. பெரம்பலூர்ப் பந்தயத்துடையது. அதில் என் போட்டோ. கீழே, டெக்னீஷியன், வெற்றிச்செல்வி.

"டீமுக்கு ரெண்டு பேருதான்னுட்டாங்க அண்ணி. உங்க தம்பிதான், 'அக்கா பேரப் போடு, நான் கூட்டத்துல உக்காந்து கை தட்றேன்'னாரு. முன்னாடியே சொன்னா நீங்க தம்பி பேரத்தான் போடச் சொல்லி அடம் புடிப்பீங்களாம். அதான் கள்ளத்தனமா ஆதாரெல்லாம் எடுத்தோம். கோவமில்லையே?"

கோபமில்லை என்றேன்.

அப்போது நேரம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். "ஆர்த்தி, மூணாவது மோட்டார ஒரு தடவ பாத்துடுறேன்," என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவள் பக்கத்திலேயே குனிந்து நின்று பார்ப்பாள். டேப் எங்கே என்பாள். வளையத்தைத் தொட்டுப் பார்ப்பாள். அவளுக்கு மூளை வேகமாக வேலை செய்யும். அதன் பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்துப் பார்த்தேன். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

"கலக்குறீங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு பிளக்கைச் சொருகினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

முதல் சுற்று மெதுவாகப் போனது. ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை ஒன்றுமே ஆகாமல் போகலாம், வீட்டுக்குப் போனதும் யாருக்கும் தெரியாமல் வளையங்களை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அப்படியும் நினைத்தேன்.

இரண்டாவது சுற்றில் வேகத்தைக் கூட்டினாள். சத்தம் மாறியது. குளவிக் கூட்டைக் கலைத்தது மாதிரி இருந்தது. டிரோன் நேராக மேலே ஏறியது.

"அண்ணி, படம் போயிடுச்சு. ஒரே கோடா வருது. எங்க இருக்கு?"

கண்ணாடி போட்டவருக்குப் பக்கத்தில் ஒருவர் வெறுங்கண்ணால் டிரோனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. அன்று அது என் வேலை. ஆர்த்தியின் விரலுக்கடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. தட்டினால் நான்கு மோட்டாரும் நின்றுவிடும், டிரோன் கல்லாக விழும். உடனே தட்டியிருப்பாள். ஆனால் ஓடையில் குழந்தைகள் குளித்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

"கீழ ஆளு இருக்கா அண்ணி? ஆஃப் பண்ணட்டுமா?"

கீழே யாரும் இல்லை. ஓடை நூறு தப்படி தள்ளி இருந்தது. டிரோனுக்கு அடியில் வெறும் மணல்தான். அது உச்சியில் ஒரு முறை புரண்டு, மூக்கைத் தாழ்த்தி எங்களை நோக்கித் திரும்பியது. தூரத்தில் சுதர்சன் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். ஏதோ கத்தினான், மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. அந்த நொடியில் தட்டினால் எங்களுக்கு முப்பது தப்படி முன்னால் விழும் என்று எனக்குத் தெரிந்தது. முழுசாக விழும். அன்று சாயங்காலமே கட்டில்மேல் வைத்துத் திறந்து பார்ப்பார்கள் என்பதும் தெரிந்தது.

"சொல்லுங்க அண்ணி."

இறக்கை அவள் கழுத்தில் பட்டது. திருமானூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மீதியெல்லாம் உங்கள் காகிதங்களில் இருக்கிறது. பதினோரு நாளாக சுதர்சன் சாப்பிடவில்லை. அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மாவு அரைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். பயத்தில் கையும் காலும் உறைந்துபோய்விட்டன, அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொல்லியிருந்தேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அது சரியில்லை. அவள் மூன்றாவது முறை கேட்டபோது நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டேன்.