கறுப்புக் கட்டத்துக்கு அடியில் இருந்த பெயர்

புகையிலைக் கம்பெனி ஆவணங்களின் இணையக் காப்பகத்தில் நான்கு பக்கங்கள் மறைக்கப்பட்டது குறித்து, நீதிமன்றம் நியமித்த விசாரணை அதிகாரி முன்பு நான் சொல்லி, அவர் எழுதிக்கொண்டது.

என் பெயரையும் கதவு எண்ணையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்தெட்டு. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். தேறினீர்களா என்று அதிகாரி கேட்டார். இரண்டாம் முறை தேறினேன். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள், வேறு ஊரில் இருக்கிறாள். உடன் வசிப்பவர் யார் என்று கேட்டதற்கு, குக்கர் விசில் அடித்தால் "வர்றேன், வர்றேன்" என்று பதில் சொல்லும் அளவுக்கு அதனோடு பழக்கம் உண்டு, வேறு யாரும் இல்லை என்று சொன்னேன். விளையாட்டாகச் சொன்னதை அதிகாரி எழுதிவிட்டார். இருக்கட்டும்.

நான் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் உள்ள காப்பகத்தில் வேலை செய்கிறேன். ஒரு புகையிலைக் கம்பெனி மீது நடக்கும் வழக்கில், அந்தக் கம்பெனிக்குள் எழுதப்பட்ட காகிதங்களை எல்லாம் ஆராய்ச்சி செய்பவர்களும் பொதுமக்களும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. கம்பெனி மெயில்களை மெயிலாகக் கொடுக்காமல், காகிதத்தில் அச்சடித்து, பின் குத்தி, பெட்டி பெட்டியாக அனுப்பியது. தேடுகிறவர்கள் களைத்துப் போகட்டும் என்ற எண்ணம்தான் என்று எங்கள் பிரிவுத் தலைவி சொல்வார். களைத்துப் போனது நான். பின் பிடுங்குவது என் வேலை. அதனால் அங்கே எனக்குப் 'பின் அண்ணன்' என்று பெயர்.

பின் எடுத்த பிறகு தாள் ஸ்கேன் ஆகும். அதன் பிறகு தனி மனிதர்களின் வீட்டு முகவரி, தொலைபேசி எண், நோய் விவரம் ஆகியவற்றின் மேல் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்க வேண்டும். அதன் பிறகு படத்தில் உள்ள எழுத்தைக் கணினி படித்து, தேடினால் கிடைக்கும்படி சேர்த்துக்கொள்ளும். கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிட்டு இணையத்தில் ஏற்றுவார்கள். கம்பெனி ஊழியர் வேலை விஷயமாக எழுதியதில் அவர் பெயரை மறைக்கக் கூடாது. யார் என்ன எழுதினார் என்று தெரிவதற்குத்தான் அந்தக் காப்பகமே. இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதே நான்தான்.

சரிபார்க்கிறவர் பிரசவ விடுப்பில் போனதும் அந்த மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். நாற்காலி நன்றாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை. அப்போது வந்த பெட்டிகள் அந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவை. என் மகள் அந்தப் பிரிவில்தான் வேலை செய்தாள். இதை நான் பிரிவுத் தலைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் சொந்தக்காரர்கள் உட்பட எல்லோரிடமும் அவள் பிஸ்கட் கம்பெனியில் வேலை செய்வதாகத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தப் பொய் எப்படி வெளிப்பட்டது என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். என் தங்கை ஒருநாள் என் மகளுக்குப் போன் செய்து, "ஏண்டி, பிஸ்கட் கம்பெனியில இருந்துக்கிட்டு அத்தைக்கு ஒரு பாக்கெட் அனுப்ப மனசு வரலையா?" என்று கேட்டிருக்கிறாள். அதன் பிறகு மகள் எனக்குப் போன் செய்தாள். "நான் என்னப்பா கொலையா பண்றேன், மறைச்சு வைக்கிறதுக்கு?" என்றாள். நான் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "நேரடியா இல்லையேம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதோடு போன் நின்றுவிட்டது. நான் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போது, சரிபார்க்கும் மேசையில் அவள் பெயரைத் திரையில் பார்த்தேன். முதலில் வந்தது வேலை விஷயம் அல்ல. காய்ச்சல் குறையவில்லை, இன்னும் சில நாள் லீவு வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதிய மெயில். அவளுக்குக் காய்ச்சல் வந்ததே எனக்குத் தெரியாது. நோய் விவரம் என்பதால் விதிப்படி மறைக்க வேண்டிய பக்கம், அதற்கு முந்தைய மேசையில் தப்பி வந்திருந்தது. நான் மறைத்தேன். மறைப்பதற்கு முன்பு பலமுறை படித்தேன். மெயிலின் முடிவில் 'சிரமத்துக்கு வருந்துகிறேன்' என்று எழுதியிருந்தாள். சின்ன வயதில் வாந்தி எடுத்தால்கூட "சாரிப்பா" என்றுதான் சொல்வாள்.

அதன் பிறகு நான் அந்தப் பெட்டிகளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். மகள் வீட்டுக்கு வருவதுபோல் இருந்தது. அவளுக்கு நாற்காலி மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள், இவை எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரிந்தன.

அதன் பிறகு வேறு மூன்று மெயில்கள் வந்தன. டியூஷன் நிலையங்களுக்குப் பக்கத்துக் கடைகளில் சிகரெட்டை மிட்டாய்க்கு அருகே அடுக்க வேண்டும், எந்த உயரத்தில் அடுக்க வேண்டும், கடைக்காரருக்கு என்ன பரிசு கொடுக்க வேண்டும் என்று அவற்றில் இருந்தது. மூன்றையும் எழுதியவள் என் மகள். நாளைக்கு வேறு வேலைக்குப் போனால் யாராவது அவள் பெயரைத் தட்டிப் பார்ப்பார்களே, இதுதானே வந்து நிற்கும் என்று தோன்றியது. மூன்றிலும் அவள் பெயரின் மேல் கறுப்புக் கட்டம் போட்டேன். நான்காவது மெயிலிலும் மேலே அவள் பெயர் இருந்தது. அதைப் படிக்கும் தெம்பு எனக்கு இல்லை. படிக்காமலேயே கட்டம் போட்டு, பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டேன்.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். கணினி எழுத்தைப் படித்து முடித்த பிறகு போட்ட கட்டம் அது. கண்ணுக்குத்தான் பெயர் தெரியாது, தேடுகிறவருக்குக் கிடைக்கும். அவள் பெயரைத் தட்டினால் நான்கு பக்கமும் வந்து, கறுப்புக் கட்டத்தின் மேல் மஞ்சள் அடித்து, இங்கேதான் இருக்கிறது என்று காட்டும். ஊருக்குத் தெரியாமல் மறைக்கப் போய் விளக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அதைக் கண்டுபிடித்த ஓர் ஆராய்ச்சியாளர், ஊழியர் பெயரை ஏன் மறைத்தீர்கள் என்று காப்பகத்துக்கு எழுதினார். அதே சமயம் மகளிடமிருந்து போன் வந்தது. நெடுநாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், "காய்ச்சல் சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்தக் காய்ச்சல்?" என்றாள். காய்ச்சலைப் பற்றி அவள் எழுதியது மேலதிகாரிக்கு மட்டும்தான். அதன் பிறகு, "அப்பா, கறுப்படிச்சது நீயா?" என்றாள்.

நான் ஆமாம் என்றேன். நான்காவதைப் படித்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். "பிள்ளைங்க வாங்குறாங்க, கடைக்காரங்களே சொல்றாங்க, இதை நிறுத்துங்கன்னு எழுதினேன்பா. நிறுத்தல. வேலையை விட்டுட்டேன். இப்ப மேனேஜர் கோர்ட்ல அதை அவர் எழுதினதா சொல்றாரு. மத்த மூணும் மட்டும் என்னுதாம்" என்றாள்.

அவள் வேலையை விட்டதும் எனக்குத் தெரியாது. வேலை இல்லாமல் அந்த ஊரில் தனியாக என்ன சாப்பிட்டாள் என்றும் தெரியாது. பெட்டிகளில் அவள் பெயர் வருவது நின்றபோது, வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நானாகவே பிரிவுத் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "பின்னைப் பிடுங்கச் சொன்னா ஆளையே பிடுங்கிட்டீங்களேண்ணே" என்றார். அதன் பிறகு அசல் தாளைத் தேடினோம். ஸ்கேன் முடிந்த பெட்டிகள் உத்தரவுப்படி கம்பெனிக்கே திரும்பிப் போய்விட்டன. கேட்டதற்கு, கிடங்கில் தண்ணீர் புகுந்து அந்தப் பெட்டி நனைந்துவிட்டது, எறிந்துவிட்டோம் என்று பதில் வந்தது. படத்தை நான் ஏற்கெனவே கெடுத்துவிட்டேன். ஆகவே நான்காவது மெயிலை எழுதியவர் யார் என்பதற்கு இப்போது இருப்பது, கட்டத்துக்கு அடியில் கணினி படித்து வைத்த அந்தப் பெயர் மட்டும்.

அந்தப் பெயரை நானே தட்டிச் சேர்த்திருக்கலாம் என்று கம்பெனி வக்கீல் சொல்வதாக அதிகாரி என்னிடம் தெரிவித்தார். இல்லை. எனக்குக் கட்டம் போடவே சரியாகத் தெரியவில்லை. அடியில் எழுத்துச் சேர்க்கும் வித்தை எனக்கு வராது. மேலும், நான்காவதில் உள்ள பெயர் உண்மை என்றால் மற்ற மூன்றிலும் உண்மைதான், அதனால் மகள் மீதும் வழக்கு வரலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று அதிகாரி ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்.

அன்று மகளுக்குப் போன் செய்தேன். நான்காவதை மட்டும் சொல்கிறேன், மற்றது ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடவா என்று கேட்டேன். "நாலும் நான் எழுதினதுதான்பா. எல்லாத்தையும் தொறந்து விடு" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ம் என்றாள். சாப்பிடாதபோது சொல்கிற ம் அது. அதன் பிறகு வைத்துவிட்டாள். மறுபடியும் கூப்பிடவில்லை.

ஆகவே சொல்கிறேன். நான்கு மெயில்களிலும் கட்டத்துக்கு அடியில் இருப்பது ஒரே பெயர். ஸ்கேன் ஆகி வந்தபோதே நான்கிலும் அந்தப் பெயர் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கணினி படித்து வைத்த அந்தப் பெயரை வெளியே தெரியும்படி போட்டு, நான்கையும் மறுபடி இணையத்தில் ஏற்றச் சம்மதிக்கிறேன். காப்பகம் என்னை வேலையை விட்டு நிறுத்தினால் அதில் எனக்கு வருத்தம் சொல்ல இடமில்லை.

மெயிலை எழுதியவருக்கும் சாட்சிக்கும் உறவு உண்டா என்ற கேள்வியை அதிகாரி கடைசிக்கு வைத்திருந்தார். உண்டு என்று சொன்னால் என் பேச்சின் மதிப்பு பாதியாகக் குறையும், அதைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் என்று எச்சரித்தார். புரிந்தது என்றேன். என் மகள் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இதில் உள்ளதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வந்தவைதான். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அறிந்து, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)
அவளுடைய அப்பா