மழைக்குக் காவல்

— கதவைச் சாத்தாத சுஹாஸ். என்ர தம்பி எங்க?

— அகிலனா? வீட்டுக்கு வரலையா கமலினிக்கா?

— வந்திருந்தா, கார்டெரியில நாள் முழுக்கப் பிள்ளையளைப் பராமரிச்சு மாரடிச்ச களையோட உன்ர வாசல்ல வந்து நிப்பனே? போன் அடிச்சு அடிச்சுக் கை உளையுது. காலமை ரெண்டு பேரும்தானே போனனீங்கள்?

— போனோம். நானே செம கடுப்புல இருக்கேன். அவன் பேரையே எடுக்காதீங்க.

— எங்க போனனீங்கள்?

— கால்வாய்ப் பக்கம். இந்த ஊர்ல ஒரு ஆத்தையே மூடி மேல ரோடு போட்டிருக்காங்கல்ல, அந்தப் பழைய செங்கல் சுரங்கத்துக்கு. ஆர்குட்ல படம் போடலாம்னு அவன்தான் கூப்பிட்டான்.

— கக்கூஸ் தண்ணிக்குள்ளயோ? விசரே உங்களுக்கு?

— சாக்கடை இல்லக்கா, மழைத்தண்ணி போறது. நூத்தம்பது வருஷத்துக் கட்டடம், வளைவு வளைவா...

— மழைத்தண்ணி. இண்டைக்கு என்ன வெயிலே எறிச்சது? மெட்ரோவால ஏறி வந்து முழங்கால் வெள்ளத்துக்குள்ளால நடந்து வாறன் நான்.

— அதுக்குத்தானே நான் மேல நின்னேன். ஒருத்தன் உள்ள போவான், இன்னொருத்தன் மேல ரோட்டுல, இறங்கற ஓட்டைகிட்ட நின்னு வானத்தப் பாத்துக்கிட்டிருப்பான். தூறல் விழுந்த உடனே வாக்கிடாக்கில கத்தினேன், மழைடா, வெளிய வாடான்னு.

— பேந்து?

— வந்துட்டான், வேற வழியா. கால்வாய் ஓரமா இன்னொரு ஏணி இருக்கு. சார் அதுல ஏறி அப்படியே போயிட்டாரு. நான் இங்க பைத்தியக்காரன் மாதிரி நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். எனக்குக் கோவம் வராதா? வாக்கிடாக்கிய ஆஃப் பண்ணினேன், ஓட்டை மேல இரும்பு மூடியப் போட்டேன், வந்துட்டேன்.

— அவன் ஏறினதை உன்ர கண்ணால கண்டனியோ?

— பாக்கலை. வெளிய வந்துட்டதா அவனே சொன்னான். என்கிட்ட வரலைன்னா அந்த ஏணிலதானே ஏறியிருப்பான்?

— பொய் சொல்லாத. வெளியில வந்தா முதல் எனக்குத்தான் போன் அடிப்பான்.

— நான் எதுக்குக்கா பொய் சொல்லணும்? வந்ததுலேர்ந்து என்னையே போட்டுத் தாளிக்கிறீங்க. செல்லம் குடுத்துக் கெடுத்தது நீங்க. அதச் சொல்லுங்க முதல்ல.

— வாயை மூடு. என்ன சொன்னவன் எண்டு சொல்லு. உன்ர தமிழில வேண்டாம். அவன்ர வாயில வந்ததை அப்பிடியே சொல்லு.

— ஒரு செமஸ்டரா அவன்கூடத்தான் சுத்துறேன், உங்க தமிழ் எனக்குத் தெரியாதா? 'ஓம் ஓம், வெளிக்கிட்டன்'னான். போதுமா? ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க? வெளிய வந்துட்டேன்னுதானே அதுக்கு அர்த்தம்?

— வெளிக்கிட்டன் எண்டா புறப்பட்டிட்டன் எண்டு அர்த்தமடா. அவன் அப்பதான் சுரங்கத்துக்குள்ளால உன்னட்டை வர நடக்கத் தொடங்கியிருக்கிறான்.