சீட்டில் எழுதிய வயது

1996 டைரியில், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் இதைக் குறித்திருக்கிறேன். பொள்ளாச்சி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான அம்மாளும் அவர் மகனும் இருந்தார்கள். அம்மாளுக்கு மார்பில் புற்றுநோய், வேகமாகப் பரவும் வகை என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவர் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்ணருகே பிடித்திருந்தார்.

"ஏங்கண்ணு, வயசு அறுவதுன்னு போட்டிருக்குது. எனக்கு எழுவத்திரெண்டல்ல?"

"ரேசன் கார்டுல அப்படித்தானுங்கம்மா இருக்குது. அதையே சொல்லிப்போட்டேன்."

"கார்டு எழுத வந்தவன் என்ற மூஞ்சியப் பார்த்து எழுதுனான். உனக்குமா தெரியாது?"

"எழுவது தாண்டியிருந்தா பெரிய ஊசி போட யோசிப்பாங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. அதனாலதானுங்க."

அம்மாள் சிரித்தார். "மாப்பிள்ளை பாக்கறவனாட்டப் பன்னெண்டு வருசத்தை மறைச்சுப்போட்டயே!"

"ஊசி போட்டா இன்னும் ரெண்டு வருசம் உசுரோட தாட்டலாம்னு டாக்டர் சொன்னாருங்கல்ல."

"அது அறுவது வயசுக்காரிக்குச் சொன்னது கண்ணு. எனக்கு எத்தனைன்னு அவரு இன்னும் சொல்லலையே."

ஒத்தக்கால்மண்டபம் வந்ததும் மகன் சீட்டை வாங்கி மடித்தார்.

"வெள்ளிக்கிழமை மொத ஊசிங்கம்மா. போய் நெசத்தைச் சொல்லிப்போடட்டுங்களா?"

"சொன்னா ஊசி போட மாட்டாங்க. சொல்லாட்டி, அதை நான் தாங்கோணும். மொதல்ல மாதா கோயில்ல ஞானஸ்நானப் புஸ்தகத்துல நான் பொறந்த வருசத்தைப் பாரு. எழுவத்திரெண்டுங்கறதும் எங்கம்மா வாய்க்கணக்குத்தான்."

கிணத்துக்கடவில் இருவரும் இறங்கினார்கள். புத்தகத்தில் எந்த வருடம் இருந்தது, வெள்ளிக்கிழமை ஊசி போட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. அறுபது, எழுபத்திரண்டு என்ற இரு வயதுக்கும் எதிரே 'சரிபார்க்கவில்லை' என்றுதான் எழுதிவைத்திருக்கிறேன்.