நூற்றைந்து டிகிரி

பழைய காருக்கு ரேடியேட்டர் ஃபேன் சுவிட்ச் மாற்றுவதை அவசர வேலையாகச் செய்யக் கூடாது, இன்ஸ்பெக்டர் மேடம். அன்றைக்குக் காசிநாதன் அவசரத்தில்தான் வந்தான். பானெட் இடுக்கில் ஆவி பறக்க, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், காரை என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். பக்கத்து சீட்டில் அவன் பெண்டாட்டி தேவிப்ரியா, நர்ஸ் உடுப்பில். மடியில் தடுப்பூசிப் பெட்டி.

"இன்னாய்யா மாயவா, போன மாசந்தான இந்த வண்டிய பாத்த? கண்ணு பொடனியிலயா கீது? பன்னண்டுக்குள்ள இவ கரியாலூர் போவணும். ஐஸ் கரைஞ்சா அத்தினி ஊசியும் வீணு."

"ஃபேன் சுத்தல. சுவிட்ச் போயிருக்கும்."

"அத எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? மாத்து. எனக்கு மில்லுல ஷிப்டு, பஸ்ஸுக்குப் போறேன். இவளே ஓட்டிக்கினு போவா. நடுவுல எங்கனா நின்னுச்சி, உன் பட்டறையில ஒரு ஸ்பேனர் மிஞ்சாது."

போய்விட்டான். இந்தப் பேச்சுக்குத்தான் நான் பழிவாங்கினேன் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். என்னை அவ்வளவு சின்ன ஆளாக நினைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடத்தில் என்னை அப்படிப் பேசாத வண்டிக்காரர்கள் கம்மி. அதற்கெல்லாம் பழிவாங்கினால் கள்ளக்குறிச்சியில் ஒரு கார்கூட ஓடாது.

சுவிட்ச் என்பது விரலளவு பித்தளைச் சாமான். ரேடியேட்டரில் முறுக்கி மாட்டுவது. தண்ணீர் எத்தனை டிகிரி சூடானால் ஃபேன் சுற்ற வேண்டும் என்று அதன் தலையில் பொறித்திருக்கும். என்னிடம் மூன்று இருந்தன. எண்பத்தெட்டைப் போட்டால் ஃபேன் ஓயாமல் சுற்றும், அந்தக் கிழட்டு பேட்டரி தாங்காது. தொண்ணூற்றிரண்டுதான் அந்தக் காருக்குச் சரி. நூற்றைந்து வேறு இன்ஜினுக்கானது. ஆனால் மூன்றுக்கும் மரை ஒன்றுதான். எதைத் திருகினாலும் உட்காரும். சமவெளியில் வித்தியாசமே தெரியாது. கோமுகி அணை தாண்டி கரியாலூர் மலை ஏறும்போது, ஃபேன் விழித்துக்கொள்வதற்குள் இன்ஜின் கொதிக்க ஆரம்பித்துவிடும். அந்தக் காரில் சூடு காட்டும் முள் செத்து இரண்டு வருடம்.

நான் எடுத்தது தொண்ணூற்றிரண்டைத்தான். வாஷர்கூடப் போட்டுவிட்டேன். அப்போது அந்தப் பெண் பெட்டியை நிழலில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணே, உங்கள எங்கியோ பாத்துருக்கன்."

"பட்டறைக்கு வந்திருப்பீங்கம்மா."

"இல்லண்ணே, மொத தபா இப்பத்தான் வர்றேன். அவுருதான் எப்பவும் எட்தாருவாரு. வேற எங்கியோ. இருங்க, கொஞ்ச நேரத்துல ஞாபகம் வந்துரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னது. நான் தொண்ணூற்றிரண்டை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, நூற்றைந்தை எடுத்து மாட்டினேன். கால் மணி நேர வேலை.

கிளம்பும்போது அக்கறையாகத்தான் சொல்லி அனுப்பினேன். "ஏத்தத்துல கொதிச்சா பயப்படாதீங்கம்மா. ஒடனே ரேடியேட்டர் மூடிய தொறந்து தண்ணி ஊத்திடுங்க. லேட் பண்ணா இன்ஜின் ஜாம் ஆயிடும்."

"ஆற வுட வேணாமாண்ணே?"

"ஆற வுட்டா உங்க ஐஸு இன்னா ஆவறது? துணிய வச்சித் திருவுங்க. நல்லா குனிஞ்சி, பாத்து ஊத்துங்க. சிந்தக் கூடாது."

சுத்தமான துணி ஒன்றும், இரண்டு பாட்டில் தண்ணீரும் நானே கொடுத்தேன். "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே" என்றது. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் தொடக் கூடாது, திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும் என்று மலை வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் அதுவரை மலையில் ஓட்டியதில்லை. மெக்கானிக் சொன்னதை நம்பியது.

ஐந்தாவது வளைவில் கார் நின்றதாம். அருவி பார்க்கப் போன வேன்காரர்கள்தான் அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். ஊசிகள் வீணாகவில்லை, அதே வேனின் டிரைவர் கரியாலூரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளைகள் விஷயம் பாருங்கள்.

கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. கொல்வதென்றால் பிரேக்கில் கை வைத்திருப்பேன். ஓர் உயிர் போனதே போதும், இன்னொன்று வேண்டாம் என்றுதான் இருந்தேன். எனக்கு வேண்டியது அந்தக் கண்கள் மட்டும்.

வலது கண் போய்விட்டது. இடது கண் கட்டை நாளைக்குப் பிரிக்கிறார்கள், பார்வை இருக்கும் என்று டாக்டர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். அந்தப் பெண் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, நானே சொல்வது மரியாதை.

தை மாதம் மணலூர்பேட்டை ரோட்டில், சைக்கிளில் கரும்பு வெட்டப் போன பூமாலை என்பவனை அடித்துவிட்டுப் போன காரை நீங்கள் ஐந்து மாதமாகத் தேடுகிறீர்கள். ஆளைப் பார்த்தால் அடையாளம் சொல்வேன் என்று அந்தக் கேஸில் எழுதிக் கொடுத்திருப்பது யார் என்று கோப்பைப் புரட்டிப் பாருங்கள். வேலை முடித்த கார் ஒன்றை ஓட்டிப் பார்க்க எடுத்துப் போயிருந்தேன். அடித்ததும் இறங்கிப் பார்க்கத்தான் செய்தேன். நான் ஓடிப்போகிறவன் இல்லை. பின்னால் ஸ்கூட்டரில் வந்த தேவிப்ரியா ரோட்டிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு நிமிர்ந்து, "அண்ணே, உயிரு கீது, ஒரு கை புடிங்க, வண்டியில ஏத்திடலாம்" என்றது. நான் காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.