குளிரில் நின்றுபோன கார்டு

அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ்ஸு கிளம்பக் காத்திருந்தோம். சன்னல் கம்பியைத் தொட்டால் கை சுட்டது. முன் சீட்டில் இருந்த பெண் புருஷனிடம் சொன்னாள்:

"குளிர் தாங்கலைன்னு மூணு வாரமா என் கார்டு மேலயே பழி போட்டீகளே!"

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். விண்வெளித் தொலைநோக்கிக்குள் வைக்கிற எலெக்ட்ரானிக் கார்டாம். செய்தது அவள், விண்வெளிக் குளிரைத் தாங்குமா என்று சோதித்துப் பார்த்தது அவன்.

"குளிர்பெட்டிக்குள்ள வச்சா சிக்னலு நின்னுச்சு, வெளிய எடுத்தா வந்துச்சு. கார்டுதான்னு யாருக்கும் தோணும்ல?"

"நல்லா ஓடுற வேற கார்டை உங்க டெஸ்ட் ஒயர்லயே மாட்டிப் பாருங்கன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டீகளா?"

"முந்தாநேத்து மாட்டிட்டேன்ல. அதுவும் நின்னுருச்சு. குளிர்ல என் ஒயரோட பிளக்கு சுருங்கி லூசாயிருக்கு. ஒயரை மாத்துனேன், உன் கார்டு பாஸு."

"அதை உங்கம்மாகிட்டயும் சொல்லுங்க. ஃபெயிலுன்னு அவுககிட்ட சொன்னது நீங்கதான?"

"சொல்லிட்டேன்." அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உன் கார்டு பாஸாகணும்னு அவுக கோயில்ல நேந்திருக்காக. நாளைக்கு மொட்டை எடுக்கணுமாம்."

"அய்யய்யோ, எனக்கா?" பின்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு."

பஸ்ஸு கிளம்பி டவுனைத் தாண்டுகிறவரை சிரித்தாள். பிறகு அவன் தலைமுடியை மெதுவாகக் கோதிவிட்டாள்.

"ஒயரு யாருதுன்னு சாமிக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."