மேட்ரன் லூர்துராணியின் ரேசர்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. அற்புதசாமி அவர்களே, பங்குத் தந்தை கிளமென்ட் அடிகளார் அவர்களே, அக்காவை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாக்கியமேரி அம்மா அவர்களே, டூட்டி முடிந்து உடுப்புக்கூட மாற்றாமல் வந்திருக்கும் நர்ஸ் சகோதரிகளே, காந்தி மார்க்கெட் தோழர்களே, தென்னூர்ப் பெரியோர்களே, ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி வந்திருக்கும் அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் கத்திக்கடை ரசூலின் வணக்கம்.

மேடையில் இன்னும் ஒருவர் இருக்கிறார். பஸ் கம்பெனி அதிபர் திரு. வீரமலை. நோட்டீஸில் அவர் பெயர்தான் எல்லாப் பெயருக்கும் மேலே, பெரிய எழுத்தில் இருக்கிறது. அவருக்கு நான் வணக்கம் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏன் சொல்லவில்லை என்று விளக்கத்தான் இந்த மைக் முன்னால் வந்து நிற்கிறேன். தலைவர் அவர்கள் மணியடித்தாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்குவேன். மன்னிக்க வேண்டும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மேட்ரன் லூர்துராணி அம்மையாரைப் பொறுமையின் உருவம் என்றார்கள். சாந்த சொரூபி என்றார்கள். யாரைப் பற்றிப் பேசினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் அறிந்த லூர்துராணி பொல்லாத கோபக்காரர். அவரோடு எனக்கு ஏற்பட்ட பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது.

சுதந்திரம் வந்த பிறகு வெள்ளைக்காரத் துரைமார்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பல் ஏறிய காலம். அவர்கள் விட்டுப்போன சாமான்கள் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் போகாதது காந்தி மார்க்கெட் ஓரத்தில் சாக்கு விரித்து விற்கிறவர்களிடம் வந்து சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சேஃப்டி ரேசர் ஒன்றை எடுக்க நான் கை நீட்டினேன். அதே ரேசரின் மறுமுனையை இன்னொரு கை பிடித்திருந்தது. பூசை முடிந்து நேராக வந்திருந்த மேட்ரனின் கை. "விடுங்க" என்றார். "நான் முதலில் பார்த்தேன் அம்மா" என்றேன். "எதுக்கு வாங்குறீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டார். கனமாக இருக்கிறது, நல்ல விலைக்குப் போகும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கனம் பிடியில இருக்கு. தலையில இல்ல. இது கன்னத்துல உட்காராது, வழுக்கும். நீங்களே வெச்சுக்கங்க" என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் மூன்று தலைமுறையாகக் கத்தி விற்கிற குடும்பத்துக்காரன். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் அந்த ரேசரால் முகம் மழித்துப் பார்த்தேன். தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். அடுத்த ஞாயிறு அவரைத் தேடிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து சாகும்வரை அவரும் நானும் சேகரிப்பில் போட்டிக்காரர்கள், சிநேகிதர்கள்.

ஒரு பெண்ணுக்கு எதற்கு ஆம்பிளைகளின் சவரக் கருவி என்று ஊர் சிரித்தது. இந்தக் கூட்டத்திலும் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். அவர் ஏன் சேகரித்தார் தெரியுமா உங்களுக்கு? அவர் வார்டில் சின்ன நர்ஸாக இருந்தபோது மணப்பாறையிலிருந்து ஒரு மாட்டு வியாபாரி கழுத்துக் கட்டியோடு வந்தார். ஆபரேஷனுக்கு முன் மடக்குக் கத்தியால் மழித்தார்கள். காதோரம் ஒரு கீறல் விழுந்தது. ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. கீறல் சீழ் வைத்து, விஷம் ரத்தத்தில் ஏறி, அந்த மனிதர் இறந்துபோனார். மழித்த ஆள் பழகிய ஆள், கை நடுங்காதவர். அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது? அந்தக் கேள்வியிலிருந்துதான் சேகரிப்பு தொடங்கியது.

கன்னத்துக்கும் பிளேடுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, பிளேடு எவ்வளவு வளைந்து நிற்கிறது, தலையின் ஓரம் சீப்புப் பல்லாக இருக்கிறதா வழவழப்பாக இருக்கிறதா, சோப்பு நுரை எந்த வழியாக வெளியேறுகிறது, இதையெல்லாம் அவர் விரல் நுனியால் தடவியே சொல்வார். வெள்ளி முலாம், தந்தப் பெட்டி, மன்னர் முத்திரை எதுவும் அவர் கண்ணில் ஏறாது. "காய்ச்சல்ல கிடக்குறவன் கன்னத்துல இதை வைப்பேனா மாட்டேனா, அவ்வளவுதான்" என்பார். அதுதான் அவருடைய விலை. அதற்குப் பிறகுதான் சந்தை விலை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்வார். இரண்டிலும் பொய் சொன்னதில்லை.

ஸ்ரீரங்கத்து வரதாச்சாரியார் அவர்களை உங்களில் பலருக்குத் தெரியும். பர்மா யுத்தத்துக்குப் போன அவருடைய ஒரே பிள்ளை திரும்பவில்லை. பட்டாளத்துக்காரர்கள் அனுப்பிவைத்த சாமானில் ஒரு ரேசர் இருந்தது. பல வருஷம் கழித்து அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி மேட்ரனிடம் எடுத்து வந்தார். நானும் இருந்தேன். "இது என்ன பெறும்னு சொல்லுங்கோ, உள்ளதைச் சொல்லுங்கோ" என்றார்.

மேட்ரன் உள்ளதைச் சொன்னார். யுத்தகாலத்து மலிவுச் சரக்கு, சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள் என்றார். பெரியவர் முகம் வாடிவிட்டது. மேட்ரன் ரேசரைக் கீழே வைக்கவில்லை. அது ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள பிளேடு போடுகிற ரேசர். ஒரே விதமாகத்தான் பிடிக்க முடியும். பிடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, கட்டை விரல் தேய்ஞ்ச இடம் எதிர்ப் பக்கம் இருக்கு. உங்க பிள்ளை இடது கைக்காரரா?" என்று கேட்டார்.

வரதாச்சாரியார் ரேசரை வாங்கித் தன் இடது கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சின்ன வயசுல அடிச்சு அடிச்சு வலது கைக்கு மாத்தினேன். மாத்திட்டேன்னு நினைச்சிண்டிருந்தேன். அங்கே போய் அவன் இஷ்டப்படி இருந்திருக்கான்."

அந்த ரேசரை அவர் மேட்ரனிடமே விட்டுப்போனார். பார்க்கத் தெரிந்தவர் கையில் இருக்கட்டும் என்றார். அந்த ரேசரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன கதி நேர்ந்தது என்று இப்போது சொல்கிறேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் சீனா படையெடுத்தபோது ஸ்ரீரங்கத்தில் பாதுகாப்பு நிதிக்குக் கூட்டம் போட்டோம். காந்தி மார்க்கெட்டில் கீரை விற்கிற மயிலம்மாள் மேடை ஏறி, காதில் கிடந்த தோட்டைக் கழற்றித் தட்டில் போட்டார். அவருக்கு இருந்த நகையே அதுதான். அடுத்து திரு. வீரமலை வந்தார். பட்டுத்துணி விரித்த பெட்டியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று ஒரு ரேசர். சொக்கத் தங்கம் என்றார். முதல் உலக யுத்தத்துக்கு முன்பே அவர் தகப்பனாருக்கு ஒரு துரை பரிசளித்தது என்றார். நிதிக்காக ஏலம் விடப்போவதாகச் சொன்னார். கை தட்டினோம். நானும் தட்டினேன்.

மேட்ரனை மேடைக்கு அழைத்தவர் யார்? வீரமலை அவர்களே. மதிப்புச் சொல்லுங்கள் என்று கையில் கொடுத்தவர் யார்? அவரே. மேட்ரன் வாங்கிப் பார்த்தார். பிடியின் அடியைத் திருகினார். தலை இரண்டு கதவுபோலத் திறந்தது. மறுபடி மூடினார். மைக்கில் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, ரேசர் நல்ல ரேசர். ஆனா தங்கம் இல்ல. பித்தளை மேல முலாம். இப்படித் திறக்குற தலை வந்ததே பிற்பாடு, முப்பதுகள்ல. ரசூல் கடையில இதே மாதிரி ரெண்டு கிடக்கு."

கூட்டத்தில் இருந்த ஆசாரி ஒருவர் உரைகல்லோடு மேலே வந்தார். உரசிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீரமலை அவர்கள் பெட்டியைப் படாரென்று மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் அதைத் தங்கமென்று நம்பியே கொண்டுவந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது? பித்தளை என்றே சொல்லி ஏலம் விட்டிருக்கலாமே. நானே எடுத்திருப்பேன். ஒரு கீரைக்காரி காதைக் காலியாக்கிக் கொடுத்த தட்டில் பித்தளையைத் தங்கமென்று போட விடமாட்டேன் என்று ஒரு பெண் சொன்னார். அது குற்றமா? இந்த ஊரில் அது குற்றமாகிவிட்டது.

அடுத்த வருஷம் மேட்ரன் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அவர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியின் நிர்வாகக் கமிட்டி புகார் கொடுத்திருந்தது. ரேசர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிச் சொத்தாம், வேலையில் இருந்தபோது திருடினாராம். அந்தக் கமிட்டிக்குச் செயலாளர் யார்? இதோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொன்றையும் மெல்லிய துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தவரின் கண் முன்னால், அத்தனையையும் கோணிச் சாக்கில் கொட்டி, தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். வழக்கு முடியும்வரை புகார் கொடுத்தவர்களே பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று சாக்குகள் கமிட்டியின் கிடங்குக்குப் போயின. கிடங்குச் சாவி யாரிடம் இருந்தது? நான் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கு இழுத்தது. அதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிரசவத்துக்குக் கைராசி என்று வீடு தேடி வந்து அழைத்துப்போனவர்கள், அவர் வந்தால் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்தார்கள். மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இடம் காலியாகவே கிடந்தது. அடிகளார் தலை குனிகிறார். அவர் அப்போது இந்தப் பங்கில் இல்லை.

கோர்ட்டில் நான் அவர் பக்கத்துச் சாட்சி. எதிர்த் தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார், இதெல்லாம் பழைய இரும்புதானே, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று. மேட்ரன் கூண்டில் நின்றபடி, "பழைய இரும்புன்னா என் மேல எதுக்குக் கேஸ் போட்டீங்க?" என்று கேட்டார். மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வாங்கிய ரேசர் எப்படிப்பட்டது, தன்னிடம் இருப்பது எப்படிப்பட்டது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். ஆஸ்பத்திரி வாங்கிய ரகம் ஒன்றுகூட அவர் சேகரிப்பில் இல்லை. அவர் அதை மட்டமான ரகம் என்று ஒதுக்கியிருந்தார். விடுதலை ஆனார்.

விடுதலை ஆகி என்ன? சாக்குகள் திரும்பி வந்த அன்று நான் அவர் வீட்டில் இருந்தேன். கிடங்கில் மழைத்தண்ணீர் புகுந்திருந்தது. பல்லெல்லாம் வளைந்து, பிடியும் தலையும் துருவில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வெள்ளியில் செய்தவை, நல்ல பெட்டியில் இருந்தவை எதையும் காணோம். மேட்ரன் அவற்றைத் தேடவே இல்லை. வரதாச்சாரியார் பிள்ளையின் ரேசரைத்தான் தேடினார். சாக்கை உதறித் தரையெல்லாம் துழாவினார். அது இல்லை. சந்தையில் விலையே இல்லாத பொருள் அது. எடுத்தவனுக்கு அதனால் என்ன பயன்? வேண்டாம் என்று குப்பையில் எறிந்திருப்பார்கள். பெரியவர் வந்து கேட்டபோது மேட்ரன் வெறும் சாக்கைக் காட்டினார். கோபக்காரப் பெண்மணி என்றேனே, அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

போன வருஷம் என் கடைக்கு ஒருவர் ஒரு வெள்ளி ரேசரை விற்க வந்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை வாங்குவதற்கு நானும் மேட்ரனும் ஒரு மாதம் போட்டி போட்டு, கடைசியில் அவர்தான் வாங்கினார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். தீபாவளிக்கு முதலாளி இனாமாகக் கொடுத்தது என்றார். எந்த முதலாளி என்று கேட்டேன். சொன்னார். வந்தவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு அவருக்கு வேலை இருக்காது. முதலாளியின் பெயரையும் நான் சொல்லத் தேவையில்லை. அவர் முகத்தைப் பாருங்கள்.

வழக்குப் போடலாம் என்று மேட்ரனிடம் ஓடினேன். "இன்னொரு தடவை கோர்ட்டுப் படி ஏற எனக்குத் தெம்பு இல்ல ரசூல். நீங்க என்னிக்காவது நாலு பேர் முன்னால சொல்லுங்க. அது போதும்" என்றார். இன்றைக்கு நானூறு பேர் இருக்கிறீர்கள். சொல்லிவிட்டேன்.

இவர்தான் அவரைக் கொன்றார் என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகம் கெட்டு இறந்தார் என்று டாக்டர் சொன்னார். அதுதான் உண்மை. உள்ளதைக் கூட்டிச் சொல்வது மேட்ரனுக்குப் பிடிக்காது. ஆனால் இறந்த நாள்வரை அவரைத் திருடி என்று இந்த ஊர் நினைக்கும்படி செய்தது யார்? அதைச் செய்தவர் மாலை வாங்கிக்கொண்டு வந்து, படத்துக்குப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருக்க வேண்டுமா?

திரு. வீரமலை அவர்களே, எழுந்து போக வேண்டாம், இன்னும் கொஞ்சம்தான். உங்களிடமும் உங்கள் ஆட்களிடமும் இருக்கிற ரேசர்களைத் திருப்பிக் கொடுங்கள். பாக்கியமேரி அம்மா வீட்டிலும் கொடுக்கலாம், என் கடையிலும் கொடுக்கலாம். கொடுக்கும்வரை நான் ஏறுகிற எல்லா மேடையிலும் கேட்பேன். மிஞ்சியதை நானும் பாக்கியமேரி அம்மாவும் துருப் போக்கிக்கொண்டிருக்கிறோம். வளைந்தது வளைந்தபடியே, உடைந்தது உடைந்தபடியே மக்கள் பார்வைக்கு வைப்போம். யார் எதைக் கொண்டுவந்து மதிப்புக் கேட்டாலும் மேட்ரன் சொன்னது போலவே சொல்வேன். கேட்கிறவர் யாராக இருந்தாலும் பித்தளையைப் பித்தளை என்பேன்.

கடைசியாக ஒன்று. நோட்டீஸில் அடுத்தபடி மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. தலைவர் அவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், அது வேண்டாம். சாக்கை இழுத்துப்போன அன்று தெருவே வாசலில் நின்று மௌனமாகப் பார்த்தது. கோர்ட்டில் சாட்சிக்கு ஆள் தேடியபோது மௌனமாக இருந்தது. விடுதலையான பிறகும் ஒருவரும் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்முடைய மௌனத்தை அந்த அம்மையார் வேண்டுமளவு பார்த்துவிட்டார்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். அஞ்சலி செலுத்த வாயைத் திறந்தால் போதும். நான் சொல்கிறேன், எனக்குப் பின்னால் உரக்கச் சொல்லுங்கள்.

மேட்ரன் லூர்துராணி திருடவில்லை.